ஏழு கிலோ முள்ளங்கி

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், டாலிகஞ்ச், சூர்யசிகா அடுக்ககம், மூன்றாம் மாடி வீட்டின் சமையலறை நிர்வாகம், இருபத்தாறு ஆண்டுகளாக அதை எந்தத் திட்டமிடலும் இன்றி நடத்திவந்த திருமதி ரங்கநாயகியிடமிருந்து, பொதுத்துறை நிறுவனமொன்றில் துணைப் பொது மேலாளராக இருந்து ஓய்வுபெற்ற திரு. சேஷாத்ரியின் நேரடிப் பொறுப்புக்கு, பொங்கலன்று காலை ஒன்பது மணி முதல் மாற்றப்பட்டது.

அறிவிப்பு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. கீழே தேதியோடு கையெழுத்து. அதற்கும் கீழே, ‘நகல்: கோப்பு’. எந்தக் கோப்பு என்று ரங்கநாயகி கேட்கவில்லை. கேட்டால் காட்டுவார்.

நிர்வாகம் மாறியதில் அவளுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அலிப்பூரில் ஓர் அரசு அலுவலகத்தில் அவளுக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்தது. காலையில் மெட்ரோ, அப்புறம் ஆட்டோ, அப்புறம் எட்டு மணி நேரம் பிறத்தியாருடைய ஃபைல்கள், திரும்ப ஆட்டோ, திரும்ப மெட்ரோ. யாராவது நிஜமாகவே எடுத்துக்கொள்வதாக இருந்தால் அந்தச் சமையலறையைப் பத்திரம் எழுதியே கொடுத்திருப்பாள். ஆனால் சேஷாத்ரி எடுத்துக்கொண்டது நிர்வாகத்தை மட்டும்தான். வேலையை ரஞ்சனாதி செய்தாள்.

ரஞ்சனா அவள் பெயர். அக்கா என்று சொல்ல வேண்டிய இடத்தில் இந்த வங்காள ஊரில் பெயரோடு ‘தி’ சேர்ப்பார்கள். தினமும் பஜ்பஜ் லோக்கல் ரயிலில் வந்து டாலிகஞ்சில் இறங்கி, நாலு வீட்டில் சமைத்துவிட்டு மத்தியான வண்டியில் திரும்புகிற ஐம்பது வயதுப் பெண். அவளுக்கு முன்னால் ஐந்து பேர் வந்து போயிருந்தார்கள். ஒருத்தி சாம்பாரில் சர்க்கரை போட்டாள். ஒருத்தி ரசத்தைப் பருப்பு வேகாத பருப்புக் குழம்பு என்று நினைத்து ஒவ்வொரு நாளும் கெட்டியாக்கிக்கொண்டே போனாள். ரஞ்சனாதிக்கும் முதலில் சர்க்கரை டப்பாவைப் பார்த்தால் கை தானாகப் போகும். அந்தக் கையை நிறுத்த ரங்கநாயகிக்கு எட்டு மாதம் பிடித்தது. இப்போது அவள் வைக்கிற மிளகு ரசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் மாம்பலத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். ரஞ்சனாதி வந்தால் ரங்கநாயகி காலை ஆறரை வரை படுத்திருக்கலாம். வராவிட்டால் நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். அவள் வாழ்க்கையில் மிச்சமிருந்த சுகம் அந்த இரண்டு மணி நேரம்தான்.

பொறுப்பேற்ற நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சேஷாத்ரி குரங்குக் குல்லா சகிதம் மார்க்கெட்டுக்குப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு கையிலும் மூட்டை.

“ரங்கு! வா, வந்து இதைத் தூக்கிப் பாரு.”

தூக்கினாள். வெள்ளை முள்ளங்கி, முழங்கை நீளம், தலையில் பச்சை இலையோடு.

“கனத்தைப் பார்த்தியோ? முள்ளங்கின்னா கையில கனக்கணும். லேசா இருந்தா உள்ள பஞ்சு. தோலைப் பாரு, சுருக்கம் உண்டா? நகத்தால கீறினா தண்ணி துளிர்க்கணும். இலை வாடாம இருந்தா இன்னிக்குப் பிடுங்கினதுன்னு அர்த்தம். இதெல்லாம் பார்த்து வாங்கணும். நீ பாட்டுக்கு ஆபீஸ்லேர்ந்து வரச்சே கிடைச்சதை அள்ளிண்டு வருவே.”

“எவ்வளவு வாங்கினேள்?”

“ஏழு.”

“ஏழு முள்ளங்கியா?”

“கிலோ.”

ரங்கநாயகி உட்கார்ந்தாள்.

“ரெண்டு பேருக்கு ஏழு கிலோவா?”

“கேளு. அவன் ஒரு விலை சொன்னான். நான் பேசாம நின்னேன். முப்பது வருஷ பர்ச்சேஸ் அனுபவம், எப்போ பேசக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். பாதியா இறங்கினான். மறுபடியும் பேசாம நின்னேன். கடைசில மூட்டையோட எடுத்துண்டு போங்கோ தாதான்னு என் கையைப் பிடிச்சுண்டு கெஞ்சறான், ரங்கு. கெஞ்சறான்!”

டாலிகஞ்ச் மார்க்கெட்டில் ஒரு காய்கறிக்காரன் வாடிக்கையாளரைக் கெஞ்சியதாக ரங்கநாயகி கேள்விப்பட்டதே இல்லை. எங்கேயோ ஒரு முள் லேசாகக் குத்தியது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, யோசிக்க அலுப்பாக இருந்தது.

பிறகு சேமிப்புப் பணி தொடங்கியது. சேஷாத்ரி மூன்று வீடியோ பார்த்திருந்தார். இலையோடு வைத்தால் இலை கிழங்கின் ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும், ஆகவே முதலில் இலையை நறுக்க வேண்டும். கழுவக் கூடாது, கழுவினால் அழுகும். ஒவ்வொன்றையும் துணியில் சுற்றி ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்தால் இரண்டு வாரம் தாங்கும். இதில் எதுவும் தப்பில்லை. ஹாலில் ஆனந்த பஜார் பேப்பரை விரித்து உட்கார்ந்து, அவருடைய பழைய வேஷ்டி ஒன்றைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு முள்ளங்கியையும் சுற்றி, தேதி எழுதிய சீட்டை நூலால் கட்டினார். பிரசவ ஆஸ்பத்திரியில் அன்றைக்குப் பிறந்தவை எல்லாம் ஒரே தொட்டிலில் கிடக்கிற மாதிரி இருந்தது கீழ்த் தட்டு. இடம் போதாமல் தோசை மாவு வெளியே வந்தது. தயிர் வெளியே வந்தது. திங்கட்கிழமை டிபனுக்கு ரங்கநாயகி ஊறப்போட்டு வைத்திருந்த கொண்டைக்கடலையும் வெளியே வந்தது.

“கீரை மட்டும் தாங்காது. இன்னிக்கே ஆகணும்” என்று சொல்லிவிட்டு நிர்வாகம் படுத்துத் தூங்கியது.

முள்ளங்கிக் கீரை, மண்ணோடு, ஒரு பக்கெட். மூன்று தண்ணீரில் அலசி, முற்றின காம்பைக் கிள்ளி, பொடியாக நறுக்கி, பாசிப்பருப்புப் போட்டு அவள் வதக்கி முடித்தபோது ஞாயிற்றுக்கிழமையும் முடிந்திருந்தது. ஒரு பக்கெட் கீரை வதங்கி ஒரு கிண்ணம் ஆகியிருந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு இருபதுக்கு ரஞ்சனாதி வந்தாள். கால் கழுவினாள். ஃப்ரிட்ஜைத் திறந்தாள். ஒரு பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, பார்க்கக் கூடாததைப் பார்த்தவள் மாதிரி அவசரமாகத் திருப்பிச் சுற்றினாள்.

“பௌதி, இது மூலோ இல்லையா?” பௌதி என்றால் அண்ணி, தாதா என்றால் அண்ணன். அவர்கள் இருவரும் பேசுவது வங்காளியில்தான். “மாக் மாசத்துல மூலோ வாங்கியிருக்கீங்களே?”

நமக்குத் தை பிறக்கும் சமயத்தில் அவர்களுக்கு மாக் பிறக்கிறது; சரஸ்வதி பூஜைகூட இங்கே அதையொட்டித்தான். அந்த மாதம் முழுக்க ரஞ்சனாதியின் ஊரில் முள்ளங்கி சாப்பிட மாட்டார்கள். நறுக்க மாட்டார்கள். இந்த அடுக்ககத்தில் பாதிப் பேரும் அப்படித்தான். இருபத்தாறு வருஷம் இந்த ஊரில் இருந்தும் ரங்கநாயகிக்கு இது தெரியாது. தை மாதத்தில் காலிஃப்ளவரும் பட்டாணியும் குவிந்து கிடக்கும்போது முள்ளங்கியைத் தேடி யார் போவார்கள்? மார்க்கெட்காரன் ஏன் கெஞ்சினான் என்பது இப்போது புரிந்தது. ஏழு கிலோவையும் ஒரே ஆள் எடுத்துக்கொண்டு போன அன்று அவன் வீட்டில் பாயசம் வைத்திருப்பார்கள்.

காபி டம்ளருடன் சேஷாத்ரி வந்து சேர்ந்தார். விஷயம் சொல்லப்பட்டது. அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வந்தது. ஓய்வுபெற்ற பிறகு முதல் தடவையாக ஒரு கீழ்ப்படியாமை வழக்கு.

“காரணம் என்ன?” என்று வங்காளியில் கேட்டார். அவருடைய வங்காளியில் வினைச்சொற்கள் குறைவு.

“தாதா, நான் உங்களைச் சாப்பிட வேண்டாம்னு சொல்லலை. நல்லாச் சாப்பிடுங்க. நான் தொட மாட்டேன். அவ்வளவுதான்.”

“அதான், காரணம்?”

“எங்க மாமியார் சொன்னது.”

“மாமியார் சொன்னதுக்குக் காரணம்?”

“அவங்க செத்துப் போயிட்டாங்களே தாதா. இப்போ எப்படிக் கேக்கறது?”

சேஷாத்ரி தமிழுக்குத் திரும்பினார். “பார்த்தியா ரங்கு? மூடநம்பிக்கை. விஞ்ஞான மனப்பான்மைங்கறதே கிடையாது.”

“ஏன்னா, திவசத்தன்னிக்கு நாம முள்ளங்கி சேர்ப்போமோ?”

“அது சாஸ்திரம்.”

“இது?”

“இது மூடநம்பிக்கை. சாஸ்திரத்துக்குக் காரணம் உண்டு.”

“என்ன காரணம்?”

சேஷாத்ரி காபியை ஒரு வாய் குடித்தார். “எங்கப்பா சொல்லியிருக்கார்.”

அவரையும் இப்போது கேட்க முடியாது என்பது ரங்கநாயகியின் நாக்கு நுனிவரை வந்தது. மணி ஏழே கால். விழுங்கிவிட்டுக் குளிக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் அவள் ஒரு பை முள்ளங்கியோடு, லிஃப்ட் இல்லாத அந்த அடுக்ககத்தில் மாடி மாடியாக ஏறி இறங்கினாள். சண்டைக்குப் பொருளே இல்லாமல் செய்துவிட்டால் சண்டை நின்றுவிடும் என்பது அவள் கணக்கு. இரண்டாம் மாடியில் சென்குப்தா வீட்டுப் பெரியம்மா கதவைத் திறந்து, பைக்குள் பார்த்து, பல்லி விழுந்ததுபோல் பின்வாங்கினாள். “மாக் மாசத்திலயாம்மா?” முதல் மாடி டாக்டர் தம்பதி படித்தவர்கள். தங்களுக்கு இந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் அறவே கிடையாது என்று பத்து நிமிஷம் விளக்கிச் சொல்லிவிட்டு, முள்ளங்கியை வாங்கிக்கொள்ளாமல் கதவைச் சாத்தினார்கள். மிஞ்சியது நாலாம் மாடியில் இருக்கிற வருண். கோயம்புத்தூர்ப் பையன், ஐடி கம்பெனி.

“முள்ளங்கியா ஆன்ட்டி? தேங்க்ஸ், ஆனா இதை எப்படிங்க சாப்பிடறது?”

“சாம்பார் வைக்கலாம். துருவித் தயிர்ல போடலாம். சப்பாத்திக்குள்ள வச்சுப் பண்ணலாம்.”

“எங்க வீட்ல ஸ்டவ்வே இல்லீங்க ஆன்ட்டி. அப்புறம் இது ஸ்மெல் வருமில்லீங்களா? ரூம்மேட் கொன்னே போடுவான்.”

மரியாதைக்கு ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டான். மறுநாள் அது கீழே வாட்ச்மேன் மேஜையில் கிடந்தது. வாட்ச்மேன் நாற்காலியை நகர்த்தி, அதற்கு நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை ஃப்ரிட்ஜ் கதவில் சுற்றறிக்கை எண் நான்கு வந்தது. சனிக்கிழமை மதிய உணவு: முள்ளங்கி சாம்பார். சமைப்பவர்: ரஞ்சனா. தவறினால் அவருடைய சேவை இனித் தேவைப்படாது.

“அவ போயிட்டா யார் சமைப்பா?” என்றாள் ரங்கநாயகி.

“ஆள் எடுக்கலாம். பத்துப் பேரைக் கூப்பிட்டு, இன்டர்வியூ வச்சு, ரெண்டு பேரை ஷார்ட்லிஸ்ட் பண்ணி...”

“அதுவரைக்கும்?”

“இடைக்கால ஏற்பாடா நீ பார்த்துக்கோ.”

இடைக்கால ஏற்பாடு அன்றிரவு சரியாகத் தூங்கவில்லை. நாலரை மணி அலாரம் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை, சேஷாத்ரி வாக்கிங் போன நேரம் பார்த்து, அவள் ரஞ்சனாதியிடம் போய் நின்றாள்.

“நாளைக்கு நான் விடியறதுக்குள்ள எழுந்து சாம்பாரை வச்சுடறேன். நீ வந்து சாதம் வை, பொரியல் பண்ணு. அவர் உன்னைப் பாராட்டினா மறுக்காதே.”

“பொய் சொல்ல மாட்டேன் பௌதி.”

“பொய் சொல்ல வேண்டாம். பேசாம இரு போதும்.”

ரஞ்சனாதி யோசித்தாள். “பேசாம இருக்கறது எனக்குப் பழக்கம்தான். நாலு வீட்டுலயும் பாதி வேலை அதுதானே.”

சனிக்கிழமை ஐந்து மணிக்கு ரங்கநாயகி எழுந்தாள். ஜனவரி மாதத்துக் குழாய்த் தண்ணீர் விரலைக் கடித்தது. இரண்டு பொட்டலத்தைப் பிரித்துக் கழுவி, தோலைச் சீவி, வட்ட வட்டமாக, மெல்லியதாக நறுக்கினாள். நல்ல முள்ளங்கிதான், அதில் குறை சொல்வதற்கில்லை. எண்ணெயில் பச்சை வாசனை போகிற வரைக்கும் நிதானமாக வதக்கி, புளித் தண்ணீரில் வேகவிட்டு, பொடி போட்டு, பருப்பைக் கரைத்து விட்டாள். கொத்தமல்லியைக் கிள்ளிப் போட்டுவிட்டு மறுபடியும் படுத்தாள். தூக்கம் வரவில்லை.

மத்தியானம் சேஷாத்ரி மூன்று தடவை சாம்பார் விட்டுக்கொண்டார்.

“ரங்கு, தப்பா எடுத்துக்காதே. உன் கை முள்ளங்கி சாம்பார்ல அடியில ஒரு கசப்பு வரும். இதுல அது இல்லை பார்த்தியோ? அவ மெல்லிசா நறுக்கியிருக்கா. நீ நறுக்கறது விறகு மாதிரி இருக்கும்.”

ரங்கநாயகி தயிர் சாதத்தைப் பிசைந்தாள்.

“ரஞ்சனா!” என்று கூப்பிட்டு வங்காளியில் சொன்னார்: “ரொம்ப நல்லா. பயம் போச்சு. பார்த்தாயா?”

ரஞ்சனாதி சமையலறை வாசலில் நின்று பேசாமல் இருந்தாள்.

இதோடு நின்றிருந்தால் உலகத்தில் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் சாதனையைப் பதிவு செய்யாமல் விடுகிற வழக்கம் சேஷாத்ரிக்குக் கிடையாது. சாயங்காலம் அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் நானூறு சொல்லில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பு, ‘ஒரு சமையலறையில் மறுமலர்ச்சி’. மறுமலர்ச்சிக்குப் பேர்போன இந்த வங்காள மண்ணில், மாக் மாதத்தில் முள்ளங்கியைத் தொடுவதில்லை என்ற மூடப் பழக்கத்தை எங்கள் சமையல்காரர் ரஞ்சனா, தகுந்த வழிகாட்டுதலின் பேரில், இன்று தன் கையாலேயே உடைத்தெறிந்தார். வழிகாட்டியவர் யார் என்பதைக் கட்டுரை அடக்கத்தோடு ஆறு இடங்களில் குறிப்பிட்டது. கூடவே சாம்பாரின் புகைப்படம்.

திங்கட்கிழமை ரஞ்சனாதி வந்தாள். கால் கழுவவில்லை. வாசலிலேயே நின்றாள்.

“சென்குப்தா வீட்டுப் பெரியம்மா என்னை சரஸ்வதி பூஜைக்கு வர வேண்டாம்னுட்டாங்க பௌதி. பதினொரு வருஷமா அந்த வீட்டுல பிரசாதத்துக்குப் பழம் நறுக்கறது நான். இந்த வருஷம் வேற கை பார்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க.” அவள் குரலை உயர்த்தவில்லை. “வண்டியில கூட வர்ற பொம்பளைங்களுக்கும் தெரிஞ்சு போச்சு. காசுக்காக மூலோ நறுக்கினியான்னு கேக்கறாங்க. நான் பேசாம இருந்தேன். நீங்க சொன்னதாலதான் பேசாம இருந்தேன். இப்போ நீங்க பேசுங்க.”

பேசினால் வீட்டுக்குள் என்ன ஆகும் என்பது ரங்கநாயகிக்குத் தெரியும். பேசாவிட்டால் நாலரை மணி. ஆனால் அந்த நிமிஷத்தில் அவள் நினைத்தது நாலரை மணியை அல்ல, பழம் நறுக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட அந்தக் கையை. குறைந்தபட்சம் அப்படித்தான் பிற்பாடு அவள் எல்லோரிடமும் சொன்னாள்.

நின்றபடியே போனை எடுத்தாள். ‘சனிக்கிழமை முள்ளங்கி சாம்பார் வைத்தது நான். காலை ஐந்து மணிக்கு வைத்தேன். ரஞ்சனாதி முள்ளங்கியைத் தொடவில்லை. என் கணவருக்கு இது தெரியாது.’ வங்காளியில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை. அனுப்பினாள்.

ஹாலில் சேஷாத்ரியின் போன் சத்தம் போட்டது. பிறகு அடுக்ககம் முழுக்க. டாக்டர் வீட்டிலிருந்து சிரிக்கிற பொம்மை மூன்று வந்தது. சென்குப்தா வீட்டு மருமகள் கைகூப்பிய பொம்மை ஒன்று அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பெரியம்மாவே படியில் நின்றுகொண்டு, “ரஞ்சனா! புதுக் கத்தி வாங்கி வச்சிருக்கேன், பூஜையன்னிக்கு நேரத்தோட வந்துடு” என்று கத்துவது கேட்டது.

சேஷாத்ரி செய்தியை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் தடவை படித்தார். சுவரைப் பார்த்தார். கடைசியில் சொன்னார்:

“அதான் அன்னிக்கே பார்த்தேன். லேசா ஒரு கசப்பு இருந்தது.”

அன்று மாலை ரங்கநாயகி ஆபீசிலிருந்து திரும்பியபோது ஃப்ரிட்ஜ் கதவில் ஒன்றும் இல்லை, பசை ஒட்டியிருந்த தடம் மட்டும். தோசை மாவு தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது.

அடுத்த சில நாள் அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள். ஆபீசில் பக்கத்து மேஜை சுப்ரியாவிடம் கதையைச் சொன்னாள். மறுநாள் கேன்டீனில் இன்னும் நாலு பேரிடம் சொன்னாள். சொல்லச் சொல்ல கதை வளர்ந்தது. ஐந்து மணி நாலு மணி ஆனது. போனில் அனுப்பிய நாலு வரி, ஹாலில் கணவனை நிற்க வைத்து முகத்துக்கு நேரே சொன்னதாக ஆனது. ஓர் ஏழைப் பெண்ணின் நம்பிக்கைக்காகத் தன் வீட்டுக்குள்ளேயே எழுந்து நின்றவள் என்று சுப்ரியா சொன்னபோது ரங்கநாயகி மறுக்கவில்லை. ரஞ்சனாதி இனி இந்த வீட்டை விட்டுப் போக மாட்டாள் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இப்படி ஒருத்தி தனக்காக நின்ற பிறகு யார் போவார்கள்? அலாரத்தை ஆறரைக்கு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

சரஸ்வதி பூஜை முடிந்த மறு வாரம், வேலையெல்லாம் ஆன பிறகு, ரஞ்சனாதி புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“பௌதி, ஒண்ணாந்தேதியிலிருந்து நான் வரலை. பவானிபூர்ல ஒரு வீடு கிடைச்சிருக்கு. இங்க நாலு வீட்டையும் விட்டுடறேன், அங்க ஒரே இடம்.”

“அந்த மூலோ விஷயத்துக்காகவா? நான்தான் எல்லார்கிட்டயும் சொன்னேனே ரஞ்சனாதி!”

“மூலோவா?” ரஞ்சனாதிக்கு நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. “அட, அதை யார் ஞாபகம் வச்சிருக்கா?”

“தாதா ஏதாவது சொன்னாரா?”

“தாதா பாவம். அவர் என்ன சொன்னாலும் பாதி எனக்குப் புரியறதில்லை.”

“சம்பளம் கூடவா? நானும் தரேன்.”

“இல்லை பௌதி, நாலு வீட்டுலயும் சேர்த்து வர்றதுதான்.”

“ரொம்ப நல்ல மனுஷாளா?”

“தெரியாது. அந்தம்மா ரெண்டு வார்த்தைதான் பேசினாங்க. கொஞ்சம் சிடுசிடுப்பு மாதிரிதான் இருந்தது.”

“அப்புறம் என்னதான் இருக்கு அங்க?”

“லிஃப்ட் இருக்கு” என்றாள் ரஞ்சனாதி.